குழாய்க்காரர் வீட்டு ஆறு

குழாய்க்காரர் வீட்டு முன்னறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆறு ஓடத் தொடங்கியது. வாசல் கதவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே, முதல் நாள் இரண்டு முழ அகலம், முழங்கால் ஆழம். கிழக்குச் சுவரிலிருந்து புறப்பட்டு மேற்குச் சுவருக்குள் போனது, சுவரில் ஈரமில்லை. அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஆற்றின் நடுவிலிருந்த கல்லில் ஒரு கால் வைத்து, வாசல் பக்கம் வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எட்டு வயது மகள் அதே கல்லில் இரண்டு முறை வேண்டுமென்றே குதித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பின்னால் வந்த குழாய்க்காரர் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, நேராகத் தண்ணீருக்குள் காலை விட்டார். அவர் கண்ணுக்கு அங்கே உலர்ந்த தரைதான் இருந்தது. ஆனால் கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

இதில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாம் நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்மணியால் வந்தது. ஊரே அவரை ஜோடியக்கா என்று கூப்பிட்டது. ஏனென்றால் அவர் எந்தப் பிள்ளைக்கும் தனியாகப் புத்தகம் கொடுத்ததில்லை. ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிள்ளை கையிலும் ஒன்றை அப்பா அல்லது அம்மா கையிலும் வைப்பார். "எனக்கு எதுக்குங்க, பிள்ளை படிச்சாப் போதாதா?" என்று இழுத்தால், "செருப்பை ஒத்தையாவா வாங்குறீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். பிள்ளைக்கு நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடம், "நீங்க கடைசியா என்ன படிச்சீங்க?" என்று ஒரு கேள்வி போடுவார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் உடனே மின்விசிறியைப் பார்ப்பார்கள். பிறகு அவர் பிள்ளையைக் கொஞ்ச நேரமும் பெற்றவரை ரொம்ப நேரமும் உற்றுப் பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் போவார். அவர் தேர்வு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தப்பாத தேர்வுக்கு ஒரு விளைவு இருந்தது: புத்தகத்தில் இருப்பது வீட்டுக்கு வந்துவிடும்.

எடுத்ததற்கெல்லாம் கத்தும் தையற்காரருக்கும் வாயே திறக்காத அவர் மகனுக்கும் ஒரு கரடிக் கதை கொடுத்தார். கரடி நான்கு மாதம் அவர்கள் வீட்டில் தங்கி, ஒரு டப்பா பொத்தானைத் தின்றுவிட்டுப் போனது. பல் மருத்துவர் வீட்டில் மட்டும் இரண்டு வருடம் பனி பெய்தது. அவரும் இரட்டைப் பெண்களும் காலையில் பனியை வாரிக் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கதையைப் படித்தவர்களுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விலகி நடப்பார்கள். படிக்காதவர்களுக்குத் தெரியாது, முட்டிக்கொள்வார்கள். ஆகவே ஒரு வீட்டுக்குப் போகுமுன் அங்கே இப்போது என்ன புத்தகம் என்று விசாரித்து, அதில் மூன்றாம் பிரதி வாங்கிப் படித்துவிட்டுப் போவது ஊரில் மரியாதையாகிப் போனது. விசாரிக்காமல் போன ஒரு கணக்கு வாத்தியார் தையற்காரர் வீட்டுச் சோபாவில் உட்காரப் போய்க் கரடியின் மடியில் உட்கார்ந்த கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

குழாய்க்காரருக்கு எழுத்து வராது என்றில்லை. பம்பு மோட்டாரின் விளக்கப் புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிப்பார். ஆனால் கதை என்றால் இரண்டாவது வரியிலேயே அவருக்குக் கண் செருகிவிடும். மகளோடு போய், படகு ஓட்டும் ஒரு சிறுமியும் ஒரு கோபக்கார வாத்தும் வரும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆற்றுக் கதையை வாங்கி வந்தவர், தன் பிரதியை அன்றே கருவி அலமாரியின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். கச்சிதமாகப் பொருந்தியது. மூன்றாம் நாள், "அப்பா, வாத்து வர்ற இடம் படிச்சீங்களா?" என்று மகள் ஆசையாகக் கேட்டபோது, "அட, அந்த வாத்து இருக்கே! பிரமாதம்!" என்று வாய் கூசாமல் சொன்னார். "அதுக்கு என்ன பேருப்பா?" என்றாள். "நல்ல பேருதான் வச்சிருக்காங்க" என்றார். அதோடு விட்டாரா? நூலகச் சீட்டில் 'படித்து முடித்தேன்' என்று கையெழுத்தும் போட்டார். மறுநாள்தான் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை.

கால் நனைந்ததும் விஷயம் இன்னதென்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் வம்பு. ஆறு என்று ஒப்புக்கொண்டால் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; மகளிடம் புளுகியது வெட்டவெளிச்சமாகிவிடும். கசிவு என்று சொல்லிவிட்டால் அது தொழில் சமாச்சாரம், யாரும் குறை சொல்ல முடியாது. "எங்கயோ கசியுது, ரெண்டு நாள்ல பிடிச்சுடுவேன்" என்று மனைவியிடம் சொன்னார். மகளின் பிரதியை ஏற்கெனவே படித்துவிட்டிருந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிடிங்க" என்றார். இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள கை, சும்மா இருக்குமா? முதல் வாரம் தரையை உடைத்தார். இரண்டாம் வாரம் சுவரை உடைத்தார். வீட்டிலிருந்த குழாய் மொத்தத்தையும் கழற்றி, ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டினார். ஒரு மரைகூடத் தளர்ந்திருக்கவில்லை. அவர் குனிகிற நேரமாகப் பார்த்து ஏதோ ஒன்று பின்னங்காலைக் கவ்வியது; மின்சாரம்தான் கசிகிறது என்று முடிவுகட்டி எதிர்வீட்டு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டார். மின்வேலைக்காரர் தன் பிள்ளையோடு உட்கார்ந்து அந்தக் கதையை எப்போதோ படித்தவர். உள்ளே வந்ததும் கருவிப் பெட்டியின் பக்கம் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்று, "மின்சாரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இறக்கையுள்ள சமாச்சாரம், எனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மட்டும் வாரத்துக்கு வாரம் அகலமாகிக்கொண்டே போனது. நகராட்சி ஆள் வெளியிலிருந்து நாடா பிடித்து அளந்தபோது வீட்டின் நீளம் பழையபடி முப்பது அடிதான் இருந்தது. உள்ளே மூன்றாம் மாதத்தில் சாப்பாட்டு மேசை ஒரு சீப்பு அளவுக்குத் தெரிந்தது. கல் முழுகிப் போய், தாயும் மகளும் கதையில் வரும் படகில் வந்து போனார்கள். மனைவி தரைக்கு அரையடி மேலே உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து வருவதைக் குழாய்க்காரர் தினமும் பார்த்தார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். இவர் நடந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தால் ஏதோ ஒன்று இடுப்பைப் பிடித்துத் தள்ளி வாசல்படியில் கொண்டுவந்து போட்டது. அதனால் படுக்கையை வாசல் பக்கமே விரித்துக்கொண்டார். மகள் பள்ளிக்கூடம் போகையில் அவரைத் தாண்டித்தான் போவாள். ஆனால் அவளுக்கு அவசரம், அவருக்கு வெட்கம்; அவள் வரும்போதெல்லாம் உடைத்த தரைக்குள் தலையை விட்டுக்கொள்வார். மாலையில் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கையை ஆட்டி என்னவோ கத்துவாள். ஒன்றும் காதில் விழாது. "சரிம்மா, சரி" என்று இவர் தலையாட்டுவார்.

ஐந்தாம் மாதம் மின்வேலைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டே, "உங்க பொண்ணு கண்ணாடி போட்டுட்டா போலிருக்கே. முகத்துக்கு நல்லா எடுப்பா இருக்கு" என்றார். "ஆமாமா" என்றார் குழாய்க்காரர். மின்வேலைக்காரர் போனதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மகள் எப்போது கண்ணாடி போட்டாள், எந்தக் கண்ணில் கோளாறு, என்ன நிறச் சட்டம், எதுவும் அவருக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்தது பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு மாதம் போனால் அவளே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவாள் என்று பயம் பிடித்தது. அலமாரிக் காலடியிலிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார்.

புத்தகம் வழியெல்லாம் சொட்டியது. ஜோடியக்கா அதைத் துண்டால் ஒற்றி, அட்டையில் விழுந்திருந்த சதுரப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எந்த அலமாரிக்கு அடியில இருந்துச்சுண்ணே?"

"அதை விடுங்க மேடம். வேற ஒண்ணு குடுங்க. சின்னதா, தண்ணியில்லாத கதையா இருந்தாப் போதும்."

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் இதுதான்னு பார்த்துத்தாண்ணே குடுத்தேன்."

"இன்னும் எவ்வளவு தூரம் அகலமாகும்?"

"சொல்ல முடியாது. ஒரு வீட்டுல கடலாவே ஆகிப்போச்சு. அந்த அப்பா இப்ப மகனுக்கு லெட்டர் போடறார். பதில் வர மூணு வாரம் ஆகுதாம்."

குழாய்க்காரர் முகம் செத்துவிட்டது. "எனக்குக் கதை படிச்சா தூக்கம் வருதும்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் தனக்கு ஒரு வேலை வராது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப வாய்விட்டுப் படிங்கண்ணே. விரலை வச்சுப் படிங்க. தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்ல, கதை ஒண்ணும் கோவிச்சுக்காது."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் நாள் இரண்டு வரி, இரண்டு மணி நேரத் தூக்கம். மூன்றாம் நாள் ஐந்து பக்கம் தேறியது. ஒன்பதாம் பக்கத்தில் சலசலவென்று சத்தம் கேட்டது. பதினேழாம் பக்கத்தில் தரை பளபளத்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் கருவிப் பெட்டியின்மேல் ஒரு வாத்து நின்றது. ஐந்து மாதமாக அங்கேதான் நின்றிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள். "கடிச்சது நீதானா?" என்றார். வாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் மதகு உடைந்து படகுக்காரச் சிறுமியின் குடிசை அடித்துப்போகிற இடத்தில், "எவன்டா இந்த மதகைக் கட்டினவன்? கதவுக்கு ரப்பர் போட வேணாமா?" என்று அவர் போட்ட கூச்சலில் மின்வேலைக்காரர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். ஊரில் குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கூப்பிட வந்தவர்களிடம், "மதகு உடையற இடத்துல இருக்கேன், நாளைக்கு வரேன்" என்றார். படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள், மற்றவர்கள் கீழே வாளி வைத்துக்கொண்டார்கள். நூற்று எழுபதில் வாத்துக்குக் கால் ஒடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வாத்தின் காலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நிமிர்ந்தபோது ஆறு முழுசாகத் தெரிந்தது. பழுப்புத் தண்ணீர், சுழித்துக்கொண்டு போனது. எதிர்க்கரையில் மேசை, மேசையில் மகள். படகு அவள் பக்கம் கட்டியிருந்தது. கதையில் அந்தப் படகுக்கு ஒரு வழக்கம் உண்டு: கரையில் நின்று கூப்பிடுகிறவர்களுக்குத்தான் வரும், சும்மா நிற்கிறவர்களுக்கு வராது. அவர் திரும்பிப் பார்த்தார். வாசல் திறந்திருந்தது. தெருவில் மின்வேலைக்காரரும் பல் மருத்துவரின் இரட்டைப் பெண்களும் நின்றார்கள். இவர்களிடமெல்லாம் அவர் ஐந்து மாதமாகக் கசிவு கசிவு என்று சாதித்திருந்தார். மெதுவாக, "படகு..." என்றார். யாருக்குக் கேட்கும்? மகள் தலை நிமிரவில்லை. அப்புறம் மானம் மரியாதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"அம்மாடி! இது கசிவு இல்ல, ஆறுதான்! நான் படிக்காமலே படிச்சேன்னு பொய் சொல்லிட்டேன்! இப்ப படிச்சுட்டேன்! படகு கொண்டு வாம்மா!"

தெருமுனையில் தையல் இயந்திரம் நின்றுவிட்டது. எதிர்க்கரையில் மகள் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படகை அவிழ்த்தாள். வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. சட்டம் நீல நிறம், காதுப் பக்கம் கொஞ்சம் பெரிசு. குழாய்க்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல உக்காருங்கப்பா. வாத்துக்கு இடம் விடுங்க."

பாதி ஆற்றில் அவர் கேட்டார்: "பொய்ன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும். அந்த வாத்துக்குப் பேரே கிடையாதுப்பா."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"தினமும் சாயங்காலம் கத்திக் கத்திச் சொன்னேனே" என்றாள். "நீங்கதான் சரி சரின்னு தலையாட்டினீங்க." சொல்லும்போது அவள் உதடு பிதுங்கியது. துடுப்பை விட்டுவிட்டு அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். படகு ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் அழுதார், தண்ணீர் தெறித்தது என்று சாக்குச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அன்று மூன்று பேரும் எதிர்க்கரையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆறு அதன் பிறகு இரண்டு முழத்துக்குச் சுருங்கி, வீட்டை விட்டுப் போகாமல் தங்கிவிட்டது. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ரப்பர், மரை, பெரிய ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு படகில் மேற்குச் சுவருக்குள் போய், சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தார்கள். அந்த வாரம் ஜோடியக்கா நூலகத்திலிருந்த பிரதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டையில் பக்கம் 212 என்றிருந்ததை அடித்து 214 என்று திருத்தினார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இப்போது மதகு உடைவதில்லை. நீலக் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி விளக்குப் பிடிக்க, ஓர் ஆள் ஊர் ஆட்களைத் திட்டிக்கொண்டே அதைச் சரிசெய்துவிட்டுப் போகிறான். இரண்டு பேருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. எழுதியவரின் கற்பனை என்றுதான் புதிதாகப் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஆளைக் கண்டால் வாத்து முகத்தைத் திருப்பிக்கொள்வதாகத் தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கிறது.