நிலத்தடி நிலையத்துக்கு ஜவாஹிர் போவாரா

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்: வளைகுடாப் பெருநகரம் ஒன்றில் இனிமேல்தான் தோண்டப்போகும் நிலத்தடி ரயில் நிலையம். கண்ணாடிப் படிகள். நிலத்துக்குக் கீழே ஒரு மரம், அதற்கு வெயில் வேறு. தோண்டியவர்கள் யாரும் படத்தில் இல்லை. (எப்படி இருப்பார்கள்? இன்னும் தோண்டவே இல்லையே. முதல் பத்தியிலேயே கோபப்பட்டுவிட்டேன்.)

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "மாநகரத்தின் நெஞ்சுக்குள், பூமித்தாயின் கருவறையில், இரும்பு நாகமொன்று..."

நிறுத்திவிட்டேன். நான் கண்டது, திருகோணமலையில் கடலைக் கண்டதும் நின்றுவிடுகிற ரயில். நாகத்தை அவிழ்த்துவிட எனக்கு என்ன தகுதி?

2

ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன். கிண்ணியாவில் ஜவாஹிர் என்று கிணறு தோண்டுகிறவர் ஒருவர். அவருக்கு மேலே நிற்கிறவன் மைக்கல். மைக்கல் நான் அல்ல.

(ஜவாஹிரின் மனைவி றுக்கியா இந்த வரியைக் கேட்டுத் தேத்தண்ணி புரையேறச் சிரித்தார். சரி, நான்தான். ஆனாலும் மைக்கல் என்றே எழுதுகிறேன்; அவனைத் திட்ட வசதியாக இருக்கிறது.)

மணல் நிலத்தில் ஒருவர் கொங்கிறீட் வளையத்துக்குள் இறங்கி மண் அள்ளுவார். மற்றவர் விளிம்பில் நின்று ஓயாமல் பேசுவார். விளிம்பு மண் அசைந்தால் கத்தக் கூடாது. கத்தினால் கீழே இருப்பவர் அண்ணாந்து பார்ப்பார். கண்ணில் மண் விழும். பேச்சை நிறுத்தினால் போதும், ஏறிவிடுவார்.

மைக்கலின் தொழில் அதுதான். மீன்விலை, கட்சிக்காரர், தன் முழங்கால் வலி. வாயால் பிழைக்கிறவன். கூலியில் மட்டும் சரிபாதி.

3

முகவர் துறைமுகப் பக்கம் ஒரு வளவில் குழி வெட்டி, அந்த நிலையம் தோண்டப் போக விரும்பியவர்களைச் சோதித்தார். ஜவாஹிர் இறங்கினார். மேலே நின்ற பொறியியலாளர் தலையை நீட்டிப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஜவாஹிர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறி வந்துவிட்டார். ஆழத்துக்குப் பயந்தவர் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கெஞ்சியதில் இன்னொரு தவணை கிடைத்தது. இந்தமுறை பேசுவதற்கு மைக்கலைக் கூட்டி வரலாம் என்றார்கள்.

4

கதாசிரியருக்குச் சிக்கல் இங்கேதான். மைக்கல் பேசினால் ஜவாஹிர் தேறிவிடுவார், போய்விடுவார். அவர் போனால் பேச்சுக்குக் கூலி கொடுக்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. மண் அள்ளலாம் என்றால் மைக்கலின் முதுகு விடாது.

முடிவு அ: மைக்கல் பேசாமல் நிற்கிறான். ஜவாஹிர் ஏறி வருகிறார். நண்பர்கள் இருவரும் பல்லாண்டு காலம்...

இதை றுக்கியாவிடம் வாசித்தேன். இந்தமுறை சிரிக்கவில்லை. மகள் ஷிஃபானாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அவர்கள் வழக்கத்தில் கலியாணம் நடக்காது.

"மைக்கல் அண்ணன், மகள்ட வீடு யன்னல் மட்டத்தோட நிக்குது," என்றார். "நீங்க எழுதி எழுதிக் கூரை போட ஏலுமா?"

முடிவு ஆ: மைக்கல் பெருந்தன்மையோடு பேசுகிறான். ஜவாஹிர் போகிறார். அந்த நகரத்தில் ஒருநாள் மண் சரிந்து...

இதை ஜவாஹிரிடம் வாசித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நான் போகாம இருக்கிறதுக்கு என்னை மௌத்தாக்கிப் போட்டீங்களே அண்ணன். ஒரு காய்ச்சல் வந்தாப் போதாதா?"

5

இன்று சோதனை. மைக்கல் விளிம்பில் நிற்கிறான். மீன்விலை முடிந்தது. கட்சிக்காரர்களும் முடிந்தார்கள். வேறு வழியில்லாமல் இந்தக் கதையையே முதலாம் பகுதியிலிருந்து சொல்லத் தொடங்கி, இந்த வரிக்கு வந்துவிட்டான். பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருந்தால் ஜவாஹிர் தேறிவிடுவார். விளிம்பு மண் அசையவே இல்லை. பேச்சை நிறுத்த ஒரு நியாயமும் இல்லை, தொண்டை மட்டும்...

இதற்குமேல் எழுதினால் மைக்கலை நல்லவன் ஆக்கிவிடுவேன், அல்லது அவனுக்காக ஒரு பிடி மண்ணை நானே தட்டிவிடுவேன். இரண்டுக்கும் என்னை நம்ப வேண்டாம். வாசகரே, இந்தப் பக்கம் வாருங்கள். விளிம்பை மிதிக்காமல் நில்லுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசினாலும் போதும். பேசாமல் நின்றாலும் உங்கள் விருப்பம்.

பேச்சு நின்றுவிட்டது. ஏற வேண்டியவர் ஏறவில்லை. அள்ளிய மண்ணோடு அப்படியே நின்று, கீழேயிருந்து கேட்கிறார்:

"மைக்கல் அண்ணன், நிக்கிறீங்களா?"