அதிக வரி கட்டிய குற்றம்

மின்னல் வாத்தியார் வீட்டுக்கு ஒரே காலையில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் அனுப்பியது வரி அலுவலகம்.

முதலாவது தரைத்தளத்திலிருந்து வந்தது. வாத்தியார் கட்ட வேண்டியதற்கு மேல் வரி கட்டிவிட்டார்; மிகுதி அவருடைய வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தப்பட்டுள்ளது; அவருடைய நேர்மைக்கு நன்றி. இரண்டாவது மூன்றாம் தளத்திலிருந்து வந்தது. மாணவர்களுக்கு அவர் கொடுத்த ரசீதுகளைவிட அவர் காட்டிய வருமானம் இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் கூடுதல். அந்தக் கூடுதல் எந்த வழியில் வந்தது என்பதை நாளை நேரில் வந்து விளக்க வேண்டும். தவறினால் வகுப்பறை பூட்டப்படும்.

ஒரே எண்ணைப் பார்த்துக் கீழ்த்தளம் இரங்கியிருந்தது, மேல்தளம் ஐயுற்றிருந்தது.

"வந்த வருமானத்தை மறைச்சு மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன்," என்றாள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த மனைவி. "வராத வருமானத்தைக் காட்டி மாட்டிக்கிட்ட ஆள் ஊரிலேயே நீங்க ஒருத்தர்தான்."

"என் கணக்குல தப்பு வராதும்மா."

"அப்ப அந்தப் பணம் எங்க? என் கண்ணுல காட்டவே இல்லையே?"

வாத்தியார் கணக்கு நோட்டை எடுத்து மீண்டும் கூட்டினார். அவர் கூட்டும் முறை ஊரறிந்தது. பக்கத்தின் உச்சியில் பார்வையை வைப்பார். அது சறுக்குமரத்தில் விட்ட தண்ணீர் போல அடிக்கு இறங்கும். இறங்கி முடித்ததும் விடை வாயில் இருக்கும். டயர் கடைக்கு மேலே இருந்த அவருடைய வகுப்பறையின் பலகையில் 'கண் இமைக்குமுன் கூட்டல்' என்றே எழுதியிருந்தது. மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் அதே விடை. அந்தக் கூடுதல் தொகை பன்னிரண்டால் மீதியின்றி வகுபடுகிறது என்பதை மட்டும் ஒரு நொடியில் கண்டுபிடித்தார். அந்த அழகில் மயங்கியவர், ஈவு என்ன என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்குப் போனார். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஓர் அம்மையார். சக ஊழியர்கள்மீது அவருக்கு இருந்த நம்பிக்கையின் அளவு, மேசைக்காலோடு கயிற்றால் கட்டியிருந்த ஸ்டேப்ளரில் தெரிந்தது.

"கீழேயிருந்து வந்த பணத்தை என்ன சார் செஞ்சீங்க?"

"தொடவே இல்லை மேடம். இப்பதான் கீழே திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் குற்றவாளின்னு நீங்க எழுதிக் கொடுத்தாதான் வாங்கிக்குவாங்களாம்."

"அவங்க கொடுத்தது சரின்னா நான் உங்களைக் கூப்பிட்டது தப்பு. நான் தப்புப் பண்றதில்லை."

"நானும் பண்றதில்லை மேடம்."

இரண்டு பிழையற்றவர்களும் ஒருவரையொருவர் மரியாதையுடன் பார்த்துக்கொண்டார்கள். இடையில் மனைவி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு முறை அளக்காமல் எந்தத் துணியையும் வெட்டாதவள் அவள். எண்களையும் துணியைப் போலவே விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"என்னங்க, உச்சியில மாசத்துக்குக் கீழே தனியா ஒண்ணு நிக்குதே, அது யார் கொடுத்த கட்டணம்?"

"அது கட்டணம் இல்லைம்மா. வருஷம்."

"பின்னே அதை ஏன் கூட்டினீங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி நோட்டைப் புரட்டினார். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த ஆண்டு பன்னிரண்டு முறை கட்டணமாக வசூலாகி, அதற்கு முறைப்படி வரியும் செலுத்தப்பட்டிருந்தது.

"அப்பாடா!" அதிகாரி ஒரு படிவத்தை உருவினார். "வழக்கு முடிஞ்சுது. காரணம், கூட்டத் தெரியாமை. கையெழுத்துப் போடுங்க. முடிஞ்ச வழக்கையெல்லாம் காரணத்தோட வாசல் பலகையில முப்பது நாள் ஒட்டுவோம்."

வாசல் பலகைக்கு எதிரில்தான் பேருந்து நிறுத்தம். அவருடைய மாணவர்களின் பெற்றோர் அத்தனை பேரும் காலையில் வேறு வேலையின்றி நிற்கும் இடம் அது. வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அது கடத்தல் பணம்."

"எதைக் கடத்தினீங்க?"

வாத்தியார் வாழ்நாளில் கையாண்ட பொருள்கள் மிகச் சில.

"சாக்பீஸ்."

"எங்கேயிருந்து எங்கே?"

"வகுப்பிலேருந்து... வீட்டுக்கு."

"அது மட்டும் சத்தியம் மேடம்," என்றாள் மனைவி. "துணியில நான் கோடு போடறதே அதாலதான்."

"கடத்தல்னா ரெண்டு வருஷம் உள்ளே இருக்கணும் சார்."

"இருந்துட்டுப் போறேன். வெளியே வந்து மறுபடி வகுப்பு எடுக்கலாம். கூட்டத் தெரியாதவன்னு ஒட்டிட்டா யாரு மேடம் பிள்ளையை அனுப்புவாங்க?"

"திருடன்னா கௌரவம், கணக்குத் தப்பினவன்னா அவமானமா?" என்றாள் மனைவி. "நல்லா இருக்கு உங்க ரோஷம்! ஜெயிலுக்குச் சோறு தூக்கிக்கிட்டு நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

இந்த மிரட்டலுக்கு வாத்தியார் பணிந்தார்; வாசகத்துக்குப் பணியவில்லை. 'தெரியாமை' என்ற சொல்லை நீக்க அரை மணி நேரம் வாதாடினார். இறுதியில், "கூட்டத் தெரியும், கூட்டியதில் ஆண்டும் அடங்கிவிட்டது" என்று எழுதப்பட்டது. கயிறு எட்டும் தூரத்துக்குக் காகிதத்தைக் கொண்டுபோய் அதிகாரி பின் அடித்தார்.

அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை வகுப்பில் இருபத்தாறு மாணவர்கள் இருந்தார்கள். பின்சுவர் ஓரமாகக் கைகட்டியபடி அவர்களுடைய பெற்றோரும் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"சார், மனசுல வச்சுக்காதீங்க. ஆறு மாசக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்களுக்கே தப்புதுன்னா, உங்ககிட்டக் கத்துக்கிட்ட பிள்ளைங்க கதி என்ன?"

வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் மாதத்தையும் அதன்கீழ் ஆண்டையும் எழுதி, அடுத்து ஏழு எண்களை எழுதினார். "கூட்டுங்க," என்றார்.

சாக்பீஸ் பலகையை விட்டு எடுபடுமுன் இருபத்தாறு குரல்கள் ஒரே விடையைச் சொல்லின. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். 'சரி' என்று வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு அந்த நொடியே பிழைத்திருக்கும். அவ்வளவு பெரிய தவறை அவ்வளவு ஒற்றுமையாக, அவ்வளவு வேகமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் என்ற முறையில் வாத்தியாருக்கு நெஞ்சு விம்மவும் செய்தது.

"தப்பு," என்றார். "எல்லாரும் வருஷத்தையும் சேர்த்துக் கூட்டிட்டீங்க. நான் அப்படித்தான் கத்துக்கொடுத்திருக்கேன்."

அப்போதும் தலைகுனிந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர், நெடுநேரம் கழித்துத் தலையை உயர்த்தினார்.

"சார், எனக்கு வேற விடை வருதே. நானூத்துப் பதினேழு. நான் அந்த வருஷத்துக்கிட்டயே போகலை."

"உங்க விடைதான் சரி."

"என்ன சார் சொல்றீங்க?"

"இந்த அறையில சரியாக் கூட்டினது நீங்க ஒருத்தர்தான்."

ரொட்டிக்கடைக்காரர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கேட்டீங்களா?" என்று மற்றப் பெற்றோரைப் பார்த்து அதட்டினார். முன்வரிசைக்குப் போய், தன் மகளை நகர்ந்து உட்காரச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்தார். "இன்னொண்ணு எழுதுங்க சார்."