தொட்டிக்குள் விழுந்த இருமல்

அந்த வீட்டில் சண்டை என்றால் அது சின்ன அறைக்கான சண்டைதான். வேறு எதற்கும் தங்கச்சி தன் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பியதில்லை.

அண்ணன் குழாய் வேலை பார்ப்பவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, குழாய்க்காரர் என்றால் தெருவே கை காட்டும். தங்கச்சி தையல்காரி. கூடத்தில் வாசல் கதவுக்குப் பின்னால் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு நாற்காலி வெட்டின துணி. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல். இப்போது ஓர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு உடுப்புத் தைக்கிற வேலை வந்திருந்தது. அதற்கு ஓரம் அடிக்கிற மெஷின் இன்னொன்று வேண்டும், அதை வைக்க இடம் வேண்டும். இருக்கிற ஒரே இடம் சின்ன அறை. அதில் அவள் புருஷன் கிட்டாரோடு குடியிருந்தான்.

புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. குடி கிடையாது, ஊர் வம்பு கிடையாது. வேலை விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். போகிற போக்கில், "கொஞ்சம் மெஷினை நிறுத்து, பதிவு பண்றேன்" என்பான். அவளும் நிறுத்திவிட்டுக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள்.

அவன் வாசிப்பதில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரு கம்பியைத் தட்டுவான், அது அடங்கும்வரை சும்மா இருப்பான், அப்புறம் இன்னொன்று. அதற்கு ஆம்பியன்ட் என்று பேராம். குழாய்க்காரருக்கு அதைக் கேட்டால் கை துறுதுறுக்கும். இப்படிச் சொட்டுகிற குழாயை இறுக்கி மூடுவதுதானே அவர் பிழைப்பு.

போன மாதம் மாப்பிள்ளை அவரிடம் வந்து, கழுவுவதற்காகக் காலி பண்ணின தண்ணீர்த் தொட்டி ஒன்று வேண்டும் என்றான். தொட்டிக்குள் ஒரு பலூனை உடைப்பானாம். அந்தச் சத்தம் அடங்குகிற விதத்தைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டால், அப்புறம் வீட்டில் எந்தக் கம்பியைத் தட்டினாலும் அது தொட்டிக்குள் தட்டினது மாதிரியே முழங்குமாம். இதற்கு கன்வல்யூஷன் ரிவெர்ப் என்று பேர் சொன்னான். குழாய்க்காரர் ஒரு சொல்லையும் நம்பவில்லை. தொட்டியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கிறேன் என்கிறவன் நாளைக்கு எதை வேண்டுமானாலும் சொல்வான். ஆனாலும் சம்மதித்தார். ஆசை தீர ஒன்று வாசித்துவிட்டால் அவனாகவே அறையை விட்டுக் கொடுப்பான் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளையின் கணக்கு வேறு. "இந்த ஒண்ணு நல்லா வந்துட்டா, அவ ரூமைப் பத்திப் பேசவே மாட்டா மச்சான்" என்றான்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியைக் கழுவின அன்று இருவரும் ஏணி வைத்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பதிவுக் கருவியை ஒரு மூலையில் வைத்தான். மூச்சுக்கூட விடக்கூடாது என்று சைகை காட்டிவிட்டுப் பலூனில் ஊசியைக் குத்தினான். சத்தம் சுவருக்குச் சுவர் உருண்டுகொண்டே போனது. பிளீச்சிங் பவுடர் நெடி குழாய்க்காரரின் தொண்டையைப் பிடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, இருமிவிட்டார். இன்னொரு பலூன் ஊதுவதற்குள் மேலே இருந்த ஆள் தண்ணீரைத் திறந்துவிட்டான். இருவரும் நனைந்துகொண்டே ஏறினார்கள். சத்தம் அடங்கின பிறகுதான் இருமினீர்கள், ஒன்றும் ஆகாது என்று மாப்பிள்ளை அவரைத் தேற்றினான்.

விடுமுறை நாளில் ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துப் போட்டுக் காட்டினான். முதல் சுரம் எங்கோ தூரத்தில் எழுந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதைக் குழாய்க்காரரே ஒப்புக்கொள்வார். அது தேய்கிற நேரம் பார்த்து, அதே சுரத்தில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து இருமினார்கள். அடுத்த சுரம், அதற்கும் ஓர் இருமல். எந்தச் சுரமும் இருமலுக்குத் தப்பவில்லை.

"இது எங்க அண்ணன் இருமலாச்சே" என்றாள் தங்கச்சி.

மாப்பிள்ளை சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுரமும் அந்தத் தொட்டிப் பதிவு வழியாகத்தான் போய் வரும், பதிவில் என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொள்ளும். இருமலை வெட்டினால் முழக்கமும் பாதியில் நின்றுவிடும். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய்க்காரருக்கு அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அளவு எடுக்கிற முகம்.

"மைக்கை எங்க வச்சு வாசிச்சீங்க?"

"மைக் இல்ல. கிட்டார்லேருந்து வயர் நேரா ஒரு சின்னப் பெட்டிக்கு, அங்கேருந்து கம்ப்யூட்டருக்குப் போயிடும்."

"அப்போ பக்கத்துல நான் மெஷின் ஓட்டினா அதுல கேக்குமா?"

அவன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். "கேக்காது."

"இத்தனை நாளா எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

கரண்டு, கிரண்டு என்று ஏதாவது அளப்பான் என்றுதான் குழாய்க்காரர் காத்திருந்தார். அளந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தார்.

"நாலு சுரத்துக்கு நாப்பது தடவை தட்டுறேன்" என்றான் அவன். "தப்பாத்தான் வருது. மெஷின் ஓடி ஓடி நின்னா, துணியைத் திருப்புறியா எந்திரிச்சு வர்றியான்னு தெரியாது. ஒரேயடியா நின்னுடுச்சுன்னா உன் காலடி கேக்கும், கிட்டாரை எடுத்து வச்சுடுவேன். நான் தப்பு தப்பா தட்டுறதை யாரும் பாக்கக் கூடாது."

"நான் பாத்தாக் கூடவா?"

"நீ பாக்கக் கூடாதுன்னுதான்."

தங்கச்சி நாற்காலியில் கிடந்த துணிகளை வாரி எடுத்தாள்.

"மெஷின் ரெண்டும் உள்ளதான் போகும்" என்றாள். "கதவை நான் சாத்திக்கிறேன். தாழ்ப்பாளும் போட்டுக்கிறேன். வெளிய வரணும்னா ஒரு சத்தம் குடுத்துட்டு வரேன். போதுமா?"

அவன் தலையாட்டினான். அது சம்மதமா சங்கடமா என்று குழாய்க்காரருக்குப் பிடிபடவில்லை. தங்கச்சி சொன்னபடி மெஷினை ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் மாப்பிள்ளை பிடித்தான். அறையிலிருந்த கம்ப்யூட்டரும் பெட்டியும் கூடத்துக்கு வந்தன. கதவு சாத்திக்கொண்டது, உள்ளே தையல் ஓடத் தொடங்கியது.

மாப்பிள்ளை ஹெட்போனை மாட்டிக் கிட்டாரை மடியில் வைத்தான். வைத்தவன் தட்டவில்லை. குழாய்க்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. எழுந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முதுகுக்குப் பின்னால் கம்பி ஒன்று மெல்ல டிங் என்றது. தப்பாகத்தான் இருக்க வேண்டும், உடனே மறுபடியும் அதையே தட்டினான்.