கூப்பிடு தூரம்

தினமும் காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக ஆபீசுக்குக் கிளம்புவேன். என் மகள் சில்லு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டாட்டா காட்டுவாள். நானும் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போவேன். முனை திரும்பியதும் கட்டடத்தைச் சுற்றி வந்து, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கத்து இரும்புப் படிகளில் ஏறுவேன். மேலே ஒரு கதவு. அதைத் திறந்தால் எங்கள் வீட்டின் பின்னறை. அதுதான் என் ஆபீஸ். வாடகையும் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே திருட்டுப் பூனை மாதிரி நுழைகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கட்டடத்து வாட்ச்மேன் முதல் வாரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். என்ன நினைத்திருப்பார் என்று தெரியும். விளக்கம் சொல்லப் போனால் இன்னும் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்வது என் வேலை. யாரோ ஒருவருடைய இடது முழங்கால், யாரோ ஒருவருடைய பித்தப்பைக் கல். அந்த ஆளை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை, டாக்டரையும்தான். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கப்பல் ஏறினால் ஆறேழு மாதம் கடலோடு போய்விடுவார். ஆக, பகல் முழுக்க எனக்கு வாய்த்த பேச்சுத்துணை நோய்கள்தான். அவற்றுக்கு நான் பதில் பேசவும் முடியாது.

இந்தக் கண்ணாமூச்சி ஏற்பாடு, சில்லுவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மாவின் யோசனை. அதற்கு முன்பு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். நான் வீட்டிலேயே இருப்பதைத் தெரிந்துகொண்ட சில்லு யார் கையிலும் நிற்கவில்லை. நாளெல்லாம் பின்னறைக் கதவைத் தட்டுவாள். நான் ஓடிவந்து தூக்குவேன். வேலை கெட்டது, வந்தவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலிடத்திலிருந்து எனக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

அந்த நிலையில்தான் ஆயாம்மா வந்தார். ஐம்பது வயசிருக்கும். உடம்பு கனம், குரல் அதைவிடக் கனம். இந்தத் தடவை கறாராக இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். வேலை நேரத்தில் போன் கூடாது, டிவி கூடாது, குழந்தையைத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, மிட்டாய் கொடுத்துப் பழக்கக் கூடாது என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடித்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் சரிங்கம்மா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இருக்கிற நேரத்துல நீங்க வீட்ல இருக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. இது என் வீடு என்றேன்.

"வீடு உங்களுதுதான். பகல்ல குழந்தை என் பொறுப்பு. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாதுங்களே. நீங்க உள்ள உக்காந்து வேலை பாருங்க, வேணாங்கல. ஆனா பாப்பாவுக்கு நீங்க வெளிய போயிட்டீங்க. நடுவுல எட்டிப் பாத்தீங்கன்னா அன்னைக்கே நான் கிளம்பிடுவேன்."

நிபந்தனை போட உட்கார்ந்தவள் நான். ஏற்றுக்கொண்டு எழுந்தவளும் நான்தான். வேறு வழி என்ன இருந்தது? இவரும் போனால் என் வேலையும் கூடவே போய்விடும்.

கப்பலிலிருந்து போனில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சொந்த வீட்லயே தலைமறைவா? நல்லாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பார், அவருக்கென்ன. கடலில் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை.

பின்னறையில் குளியலறை கிடையாது. அங்கேதான் சிக்கல். அவசரம் என்றால் ஆயாம்மாவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவர் சில்லுவை முன்பக்க பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் 'வாங்க' என்று பதில் போடுவார். நான் நுனிக்காலில் ஓடுவேன். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டுவிடும் என்பதால், நான் உள்ளே போனதும் ஆயாம்மா சில்லுவோடு சமையலறைக்கு வந்து மிக்சியைப் போடுவார்; அந்தச் சத்தத்திலேயே நான் திரும்பி ஓடிவிடுவேன். எங்கள் வீட்டில் வெறும் மிக்சி ஓடாத நாளே இல்லை. ஒருநாள் சில்லு "ஆயாம்மா, மிக்சில ஒண்ணுமே இல்ல" என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பக்கத்து அறையில் என் குழந்தை இருக்கிறாள், இந்தச் சிரிப்பை அவளோடு சிரிக்க எனக்கு வழியில்லை.

ஆனால் ஏற்பாடு வேலை செய்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சில்லு சாப்பிட்டாள், தூங்கினாள், சதை போட்டாள். நானும் சுத்தமாக ரிப்போர்ட் அனுப்பினேன். எல்லா நாளும் என்று சொல்ல முடியாது. ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவேன். ஒரு காதில் டாக்டர், ஒரு காதில் சில்லு. ஆயாம்மா கதை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், யாருடைய சிறுநீரகத்துக்கோ நடுவில் 'யானை' என்று ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்து அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் பெரிய மனசோடு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் இரும்புப் படி வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் மணி அடிப்பேன். உள்ளேயிருந்து சில்லு ஓடிவரும் சத்தம் கேட்கும். கதவு திறந்ததும் என் முழங்காலைக் கட்டிக்கொள்வாள். நாள் முழுக்க வீட்டில் கூடவே கிடந்தபோது இப்படி ஒரு வரவேற்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் மாடிப்படி ஏறலாம் என்று தோன்றும்.

கஷ்டமெல்லாம் மத்தியானம்தான். தூங்கி எழுந்ததும், கண் முழுசாகத் திறக்காத குரலில், "அம்மா?" என்பாள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். மறுபடியும் "அம்மா?" என்பாள். ஆயாம்மா வந்து, "அம்மா ஆபீஸ்ல இருக்காங்கடா. பஸ் ஏறிப் போகணும், அவ்ளோ தூரம். இங்கேருந்து கூப்ட்டா கேக்காது" என்று சமாதானம் சொல்வார். அவள் அடங்கிவிடுவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு கட்டிலும்தான் இருந்தன. அடுத்த ரிப்போர்ட்டைத் திறப்பேன்.

இப்படியே மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த விளையாட்டு.

அன்றைக்குக் கூடத்தில் ஆயாம்மாவும் சில்லுவும் ஆபீஸ் விளையாடினார்கள். சில்லு அம்மா, ஆயாம்மா குழந்தை. என் பழைய கைப்பை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. ஆயாம்மா அந்தக் கனத்த குரலைச் சுருக்கிக்கொண்டு, "போகாதேம்மா, போகாதேம்மா" என்று அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"அழக் கூடாது கண்ணு" என்றாள் சில்லு. அப்படியே என் குரல். "நீ கூப்ட்டா அம்மா உடனே வந்துடுவேன்."

நான் அவளிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. சொல்லக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

ஆயாம்மா "அம்மா" என்று கூப்பிட்டார். சின்னக் கால்கள் தடதடவென்று ஓடிவந்தன. "வந்துட்டேன்!" என்று கத்திச் சிரித்தாள். மறுபடியும் போனாள். ஆயாம்மா மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் ஓடிவந்தாள். அவளுக்கு அலுக்கவே இல்லை. கூப்பிட்டதும் வருகிற அம்மா ஒருத்தியைத் தானே செய்து வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை "அம்மா" என்று கூப்பிட்டதும் ஆயாம்மாதான். ஆனால் எழுந்து போய்க் கதவைத் திறந்தது நான்.

சில்லுவுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா வந்துட்டா" என்று கையைத் தட்டிக் குதித்தாள். விளையாட்டு பலித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நானும் சிரித்தேன். ஆயாம்மா சிரிக்கவில்லை. பெருக்கி வைத்த இடத்தில் குப்பை கொட்டியவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

பிறகு சில்லு வாசல் கதவைப் பார்த்தாள். அது தாழ்ப்பாள் போட்டிருந்தது. எனக்குப் பின்னால் பார்த்தாள். என் கைக்கு அடியில் புகுந்து பின்னறைக்குள் போனாள். நாற்காலியைத் தொட்டாள். ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். இரும்புப் படிப் பக்கத்துக் கதவு ஓரமாகக் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள்.

"இதான் ஆபீஸா?"

"ஆமா கண்ணு."

"தினமுமா?"

"தினமும்."

கையிலிருந்த ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் கூப்டா இங்க கேக்குமா?"

"கேக்காதுடா செல்லம், அம்மா காதுல மாட்டியிருப்பாங்கல்ல" என்று ஆயாம்மா அவசரமாக முந்திக்கொண்டார். தப்பிக்க நல்ல வழிதான். நான் 'ம்' என்றிருந்தால் போதும். ஆனால் சில்லு ஆயாம்மா பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் தெருமுனையில் நின்று கையாட்டிப் பொய் சொன்ன எனக்கு, அந்த முகத்துக்கு நேராக இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை.

"கேக்கும்" என்றேன்.

அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன், சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. ஹெட்போனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஆயாம்மா சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். சொன்னபடி கிளம்பிவிடுவார் என்றுதான் இருந்தேன். தடுக்க எனக்கு முகமும் இல்லை.

"எட்டிப் பாக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். "ஆனா கேக்காதுன்னு தினம் சொன்னது நான்தானே. என்னையும் ஒரு மாதிரிதான் பாக்குது பாப்பா." செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு வரேன். இப்ப நானும் போயிட்டா அது யாரையுமே நம்பாது" என்றார்.

இனி ஒளிவுமறைவு வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பின்னறைக் கதவு திறந்தே இருக்கும். அம்மா வேண்டுமென்றால் சில்லு கூப்பிடலாம், நான் வந்துவிட்டுத் திரும்பிப் போவேன். சோறு ஊட்டும்போது அவளிடம் இதைச் சொன்னேன். ஒழுங்காகத் தலையாட்டினாள். வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள்.

மறுநாள் கைப்பை இல்லை, டாட்டா இல்லை. கூடத்தைக் கடந்து பத்தடி நடந்து போய் உட்கார்ந்தேன். கதவைப் பாதி திறந்து வைத்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய்க் குடித்தேன், மிக்சி இல்லாமல் குளியலறைக்குப் போய்வந்தேன். இத்தனை மாதம் இதற்குத்தானே ஏங்கினேன். நான் கடந்துபோனபோது சில்லு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.

பகல் முழுக்க அவள் கூப்பிடவில்லை. ரிப்போர்ட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. நான் இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தூங்கி எழுந்ததும் கூப்பிடாமல் இருக்க மாட்டாள், அப்போது அவளுக்கு நினைவே சரியாக இருக்காது என்று நம்பினேன். நாற்காலியைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு கொட்டாவி.

"ஆயாம்மா?" என்றாள்.

ஆயாம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. இரண்டாவது தடவையும் அவரைத்தான் கூப்பிட்டாள். பிறகு கட்டிலைவிட்டு இறங்கி நடந்து வந்தாள். என் கதவுப் பக்கம் வந்தாள். பாதி திறந்திருந்த கதவின் ஓரத்தில் அவள் விரல்கள் தெரிந்தன. நான் எழுந்துவிட்டேன். கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் சத்தம் வராமல், வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்தது போல, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினாள்.

"சில்லு" என்று கூப்பிட்டேன்.

போகத் தொடங்கிய காலடிகள் நின்றன. கேட்டிருக்கிறது. இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பிறகு காலடிகள் கூடத்துப் பக்கம் போய்விட்டன.