பூங்கனி வெட்டாமல் விட்ட கொம்பு

ஜெஸ்மி தன் மூத்த மகளை முப்பத்தாறு மாதம் வயிற்றில் சுமந்தாள். ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே, காற்றாடிகள் நிற்கிற மலையடியில் இதற்கு யாரும் சத்தியம் பண்ணத் தேவையில்லை, கிராம நர்ஸ் எழுதிய அட்டை இருக்கிறது. ஒரு பிரசவத்துக்கென்று அச்சடித்த அட்டை போதாமல் பின்னால் இன்னும் மூன்று அட்டையைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, எடை, ரத்த அழுத்தம், தடுப்பூசி எல்லாம் மாதம் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். யானைக்கே இருபத்திரண்டு மாதம்தானே என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். யானையைப் பெற்ற அம்மா கையில் அரிவாள் கிடையாதே என்று ஊரில் பதில் சொல்வார்கள். அந்தப் பேச்சு பூங்கனி காதிலும் விழுந்தது. அவள் கோபப்படவில்லை, அது உண்மைதான் என்றாள்.

பூங்கனி ஜெஸ்மியின் அம்மா. தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ போகிற அத்தனை தோட்டத்திலும் கவாத்து வெட்டுகிறவள் அவள்தான். பிச்சியின் சங்கதி தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கிறிஸ்துமஸ் கழிந்து புதுவருஷ ஆராதனை முடிந்த கையோடு அரிவாளை எடுத்து, செடியை முழங்கால் உயரத்துக்கு இரக்கமே இல்லாமல் வெட்டித் தள்ள வேண்டும். பழைய கொம்பை விட்டுவைத்தால் இலைதான் மிஞ்சும். வெட்டின இடத்திலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். பூங்கனி முப்பது வருஷமாக இதைச் செய்தாள். முதல் செடியில் அவள் அரிவாள் விழுந்த பிறகுதான் மற்ற பெண்கள் குனிவார்கள். தோட்டக்காரர் ஜாஸ்பர், பூங்கனி வெட்டினால் கட்டைக்கும் பூக்க வேண்டுமென்று பயம் வந்துவிடும் என்று சொல்வார். ஒரு முறை அவள் தெரியாத்தனமாக வேலிக்கால் ஒன்றையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அந்த வேலிக்கால் மாசி மாதம் பூத்தது, அதன் பூ நான்கு வாரம் சந்தைக்குப் போனது.

ஜெஸ்மி அயர்லாந்தில் நர்ஸ். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூனில் வயிற்றில் தங்கியது. அங்கே அவள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு முட்புதர், பிளாக்பெர்ரி. ஆகஸ்ட் மாதம் அதில் பழம் கறுத்துத் தொங்க, சோறும் இறங்காத அந்த மசக்கையில் அவள் வயிறு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். பழம் தீர்ந்த அன்று வாந்தி மறுபடி தொடங்கியது. அவளுடைய புருஷன் ஜெப்சனுக்கு அங்கே வேலையை விட்டு வர முடியவில்லை. அவன் அந்தப் புதரின் வேரில் ஒரு துண்டு தோண்டி, ஈரத் துவர்த்துத் துணியில் சுருட்டி அவள் பெட்டிக்குள் வைத்து ஊருக்கு ஏற்றிவிட்டான். பூங்கனி அதைக் கொல்லையில் கிணற்று வாய்க்கால் ஓரம் நட்டாள். அயர்லாந்துக் குளிரில் வளர்ந்தது இந்த வெயிலில் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டவர்கள் பத்தாம் நாள் வாயை மூடிக்கொண்டார்கள், செடி இடுப்பளவு வந்திருந்தது.

"எம்மா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தக் கறுத்த பழம் நாலு கிடைச்சா போரும்" என்றாள் ஜெஸ்மி.

"நாலு எதுக்கு மக்கா? நாழி நிறையத் தருகேன், நீ பேசாம இரி" என்றாள் பூங்கனி. சொன்ன சொல்லை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜனவரி பிறந்ததும் பிச்சித் தோட்டத்துக்குப் போகிற வழியில், முதல் வேலையாக மகளின் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். அது அடியிலிருந்து வெறி பிடித்துக் கிளம்பியது. ஒரே மாதத்தில் எட்டுக் கொம்பு, விரல் தடிமன், ஆணி நீளத்துக்கு முள். மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. மார்ச் மாதம் ஜெஸ்மிக்கு நாள் முடிந்தது. குழந்தை வரவில்லை.

ஏப்ரல் முடிவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் குழந்தை சுகமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் சுஜி அறுத்து எடுத்துவிடலாம் என்றார். முதல் கத்தி ஜெஸ்மியின் தோலில் பட்டதும் மழுங்கியது. இரண்டாவதும் மழுங்கியது. மூன்றாவதாகப் புதுப் பொதியைப் பிரித்தார், அது மழுங்கியதும் கையுறையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். ஜெப்சன் தெரிந்தவர்கள் மூலம் துபாயிலிருந்து ஐஸில் உறைந்த பழம் இரண்டு டப்பா அனுப்பினான். ஒன்றை வாயில் வைத்ததும் ஜெஸ்மி குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். வயிற்றுப் பிள்ளை அன்று முழுக்க உதைத்தது. அதற்கு எந்தச் செடியின் பழம் என்பதில் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்கப் பூங்கனி செடியோடு மல்லுக்கட்டினாள். ஆட்டுப்புழுக்கை வைத்தாள், மீன் கழுவின தண்ணீர் விட்டாள், ஓய்வுநாள் ஆராதனையில் அந்தச் செடிக்காக ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். போதகர் அதையும் வாசித்தார். செடி கூரைக்கு மேல் போனது. பூக்காததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், போன தடவை வெட்டினது போதவில்லை. அதனால் இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஜனவரியில் தரையோடு தரையாக, கட்டை தெரியாமல் வெட்டினாள். அவ்வளவு கொம்பும் சாய்ந்தபோது உள்ளே கட்டிலில் ஜெஸ்மி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூங்கனி அதை வலி என்று நினைத்தாள்.

ஒரு கொம்பு மட்டும் தப்பியிருந்தது. போன மழைக்காலத்திலேயே அது சுவரேறிப் பக்கத்துக் கொல்லையில் குதித்து, மண்ணைத் தொட்ட இடத்தில் தனி வேரும் விட்டுவிட்டது. அந்தக் கொல்லை தாணுலிங்கத்துடையது. அவர் காலையும் மாலையும் நெற்றியில் நாமம் இட்டு, சாமி படத்துக்குப் பதிலாக மாட்டிய கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வாயாடி. பூங்கனி அரிவாளோடு வந்து நின்றபோது குறுக்கே மறித்தார். "சுவரு தாண்டி வந்தவன் எனக்கு விருந்தாளியாக்கும், தங்கச்சி. வெட்டப்பிடாது." ஒரு முள்ளுக்காக இவரோடு வாய்கொடுப்பானேன் என்று அவள் திரும்பிப் போனாள். ஏப்ரலில் அந்தக் கொம்பில் ஏழு வெள்ளைப் பூ பூத்தது. ஏழும் காய்த்தது. ஜூன் பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று கிளம்பி ஆறைத் தட்டிவிட்டது. மிஞ்சின ஒன்று கறுத்ததும் தாணுலிங்கம் அதை வாழையிலைத் துண்டில் வைத்து, பாதி ஓட்டமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெஸ்மி அதைத் தின்றாள். விழுங்கின கையோடு பிரசவ வலி எடுத்தது. சரியாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு நின்றது.

பூங்கனி மறுநாளும் அதற்கு மறுநாளும் சுவர் ஓரம் போய் அந்தக் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காய்த்து முடித்த கொம்பு நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. தன் பக்கத்தில் இந்த வருஷம் புதிதாக வந்த கொம்புகள் பச்சைப் பசேலென்று, ஒரு பூவுக்கும் வழியில்லாமல் நின்றன. முதல் வருஷம் வளரும், இரண்டாம் வருஷம் காய்க்கும், காய்த்தால் சாகும். இவ்வளவுதான் அதன் கணக்கு. பிச்சிக்கு நேர் எதிர். பழைய கொம்பைக் குப்பை என்று அவள் வெட்டி எறிந்தாளே, பழம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. அரிவாளை நழுவவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா எம்பிள்ளைக்க பிள்ளைய நானாக்கும் வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் செடிக்காக அவள் அழுதது அன்றுதான். தாணுலிங்கம் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

டாக்டர் சுஜி அந்த வாரம் ஜெஸ்மியைப் பார்த்துவிட்டு, பூங்கனியை வெளியே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். கால் வீங்கி நடை போய்விட்டது, ரத்த அளவு இறங்குகிறது, ஒரு வருஷம் தாங்கும், அடுத்த ஆடிக்கு மேல் தாயும் பிள்ளையும் இருக்க மாட்டார்கள். பிறகு பழத்தின் கதையைக் கேட்டு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தார். தலைப்பிரசவத்துக்குப் பதினாலு மணி நேர வலி வேண்டும், பழத்துக்கு ஒரு மணி, ஆகப் பதினாலு பழம் ஒரே நாளில். "பதினாலா?" என்றாள் பூங்கனி. "நாழி நிறைய ஆக்கும் நான் பிள்ளைக்குச் சொன்னது." பேருந்தைவிட்டு இறங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள்.

புதுக் கொம்பில் நல்லதாக ஆறை நிறுத்தினாள். அவை நெஞ்சளவு வந்ததும் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளினாள். நுனி போனால் பக்கத்தில் கிளைக்கும் என்பது எந்தச் செடிக்கும் பொது, அது அவள் கைக்குத் தெரிந்த வேலைதான். கொம்புக்கு ஏழெட்டுக் கிளை வெடித்தது. அதோடு நிறுத்தி, அரிவாளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். "அண்ணாச்சி, இத உங்க பெட்டியில வச்சுப் பூட்டுங்க. ஜனவரி வந்தா என் கைய எனக்கே நம்பிக்கையில்ல. நான் காலப் பிடிச்சுக் கேட்டாலும் தரப்பிடாது."

ஜனவரி வந்தது. தோவாளையெங்கும் வெட்டுச் சத்தம் கேட்டது. பூங்கனி அந்த வருஷம் வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் கையைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் அவள் கை அவளைக் கேட்காமலே அடுக்களையில் இருந்த முருங்கைக்கீரை, துடைப்பம், காலண்டர் எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு நறுக்கிவிட்டது. மூன்றாம் நாள் தாணுலிங்கத்தின் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஜாஸ்பருக்க தோட்டத்துக்கு ஆளு வந்திருக்கு. பிச்சி வெட்டதுக்காக்கும். நம்ம செடியத் தொட மாட்டேன்."

"காலப் பிடிச்சியா?"

"இல்ல."

"பிடிச்சாலும் தரமாட்டேன், அப்பொ பிடிக்காம கேட்டா தருவேனா? போ தங்கச்சி, போய்ச் சோலியப் பாரு."

அவள் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனாள். அவர் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, மாதம் முடிகிற வரை அங்கேயே சாப்பிட்டுத் தூங்கினார். வெட்டாமல் விட்ட செடியைப் பார்த்து, பூங்கனிக்குப் புத்தி பிசகிவிட்டது, கொல்லை காடாகிறது என்று பெண்கள் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்ச் கடைசியில் ஆறு கொம்பிலும் கிளைக்குக் கிளை பூ வந்தது. காற்றுக்கு முன்னால் பனையோலைத் தட்டி கட்டி நான்கு பக்கமும் மறைத்தார்கள். ஜூன் முதல் வாரம் காற்று வந்து தட்டியைத் தள்ளியது. ஒரு பக்கம் பூங்கனியும் மறுபக்கம் தாணுலிங்கமும் முதுகு கொடுத்து மூன்று நாள் நின்றார்கள். ஒரு காய் உதிரவில்லை.

நான்காம் நாள் காலை கட்டிலோடு ஜெஸ்மியைத் தூக்கிச் செடியடியில் வைத்தார்கள். பூங்கனி பறித்துப் பறித்து வாயில் ஊட்டினாள். நாழிப் படி அளவு தின்ற பிறகும் செடியில் பழம் இருந்தது. பதினாலு மணி நேர வலி அத்தனையும் முக்கால் மணிக்குள் அடர்ந்து வந்தது. சுஜி டாக்டர் காரில் வந்து இறங்குவதற்கும் பெண்குழந்தை தலை காட்டுவதற்கும் சரியாக இருந்தது. தலையில் தோள்வரை முடி, வாயில் இருபது பல், கறுத்த நாக்கு. டாக்டர் தொப்புள்கொடியை அறுக்கக் கத்தியை வைத்தார். கத்தி மழுங்கியது. இன்னொன்றும் மழுங்கியது. டாக்டர் நிமிர்ந்து பூங்கனியைப் பார்த்தார். பூங்கனி சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணாச்சி! எடுத்துட்டு வாங்க!"

தாணுலிங்கம் சுவரேறிக் குதித்து வந்தார், அறுபத்தெட்டு வயசில். அரிவாளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். பத்து மாதமாக அரிவாளைத் தொடாத கை பிடியை இறுக்கியது. ஒரே வெட்டு. குழந்தை அழவில்லை, அம்மாவைப் பார்த்து "இன்னும் பழம் இருக்கா?" என்று கேட்டது. ஜெஸ்மி சிரித்தாள். பூங்கனிதான் அழுதாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஜெபிஷா என்று பெயரிட்டார்கள். பதினோரு நாள் வயசில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள், தலைமையாசிரியை அட்டைகளைக் கூட்டிப் பார்த்து வயசு சரி என்றார். காய்த்து முடித்த ஆறு கொம்பையும் பூங்கனி அடியோடு வெட்டி எடுத்தாள், புதிதாக வந்ததைத் தொடவில்லை. இப்போது ஜனவரியில் பிச்சிக்கு ஒரு வெட்டு, ஜூலையில் இதற்கு ஒரு வெட்டு, கை குழம்புவதில்லை. ஜெப்சன் போன வருஷம் அயர்லாந்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். இந்த அக்டோபரில் ஜெஸ்மி மறுபடி நாகர்கோவிலுக்குப் போனாள். சுஜி டாக்டர் நாள் தள்ளினது எப்போது என்று கேட்கவில்லை, கொல்லையில் கொம்பு எவ்வளவு உயரம் என்று கேட்டார். புது அட்டையில் எடைக்குக் கீழே "கொம்பு எட்டு, உயரம் நெஞ்சளவு, நுனி கிள்ளியாயிற்று" என்று எழுதி, பிரசவத் தேதி ஜூன் முதல் வாரம் என்று போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.