சூட்டு உடம்பு

பூண்டு விழுது புண்ணில் பட்டதும் அவள் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள். கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது. கதவுக்கு வெளியே மாமியார் கிண்ணமும் கையுமாக நின்றிருந்தாள்.

“எரியட்டும். எரிஞ்சாத்தான் சூடு இறங்கும்.”

“உயிர் போகுது அத்தை.”

“அதெல்லாம் போகாது. என் பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு எத்தனை தடவை போட்டிருக்கான்! நீ ஒருத்திதான் ஊரைக் கூட்டுற.”

அந்த வீட்டில் சூடு என்பது வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஓர் ஆள் மாதிரி. கல்யாணமாகி வந்த புதிதிலேயே மாமியார் அறிமுகப்படுத்திவிட்டாள். “அவனுக்குச் சூட்டு உடம்பு. அவங்கப்பாவுக்கும் இதேதான்.” பேக்கரி அடுப்பு வாயில் நாள் முழுக்க நிற்கிறவனுக்குச் சூடு பிடிக்காமல் குளிரா பிடிக்கும் என்று அவளும் நம்பினாள். சில மாதங்களுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே கொப்புளம் கிளம்பி அவன் காலை அகட்டி நடப்பான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். உடனே வைத்தியம் களைகட்டும். உப்புத் தண்ணீர் நிரப்பிய டப்பில் போய் உட்காருவான். கற்றாழை வரும், மஞ்சள் வரும், ஐஸ் கட்டி வரும். கைபேசியில் ஒரு தாடிக்காரர் கிராம்பைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் போடச் சொல்வார். அடுத்த முறை அதே தாடிக்காரர் கிராம்பைக் கைவிட்டுப் பூண்டுக்குத் தாவியிருப்பார். கொப்புளம் என்னவோ தன் பாட்டுக்கு உடைந்து, காய்ந்து, உதிர்ந்து போகும். அன்றைக்கு எதைத் தடவியிருந்தார்களோ அதற்குப் பேர் கிடைக்கும்.

டப்பைக் கழுவியதும் துணியை அலசியதும் அவள்தான். குளிர்ச்சிக்கென்று தட்டுத் தட்டாக வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்ததும் அவள்தான். “இப்ப சூடு குறைஞ்சிருச்சு” என்று அவன் பக்கத்தில் வந்து படுக்கும்போது சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி.

பிறகு அவளுக்கே வந்தது. சீருடை தைக்கும் கடையில் அவள் தையல்காரி. உட்கார முடியாத தையல்காரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? நின்றபடியே பெடலை மிதித்தாள். “என்னம்மா, நாற்காலி கடிக்குதா?” என்று முதலாளியம்மா சிரித்தாள். கொப்புளம் போய், மறுபடி வந்து, மூன்றாவது முறையும் வந்தபோதுதான் மாமியார் பூண்டை எடுத்தாள். மறுநாள் அவள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு பெண் டாக்டரிடம் போய்க் காட்டினாள்.

டாக்டர் பார்த்தாள். “புண்ணை விட மேல சுட்ட காயம்தான் பெருசா இருக்கு. என்னம்மா போட்டீங்க?”

“பூண்டு. சூட்டுக்கு.”

“இது சூடு இல்லம்மா. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். கூடப் படுக்கிறவங்க கிட்ட இருந்து தொத்தும். உள்ளேயே ஒளிஞ்சு கெடக்கும், அப்பப்ப எழுந்து வரும். முழுசாப் போகாது, மாத்திரை போட்டா அடங்கி நிக்கும். வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி வந்திருக்கா?”

அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். “அவரையும் கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். வெள்ளரிக்காய் நறுக்கிய கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. இதை வீட்டில் சொன்னால் விரல் எந்தப் பக்கம் நீளும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவன் ஒரே வார்த்தையில் அவள் பேரைக் கெடுத்துவிடுவான். சொல்லாவிட்டால் அவளும் காலம் முழுக்கச் சூட்டு உடம்புக்காரியாக அந்த டப்பில் உட்கார வேண்டியதுதான். இறங்கி நடக்கும்போது முடிவு செய்துவிட்டாள்.

அவன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. மாமியார் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மருமகள் மாத்திரை அட்டையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நாளைக்கு நீங்களும் டாக்டர்கிட்ட வரணுமாம். நமக்கு இருக்கிறது சூடு இல்ல. தொத்து வியாதி. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வர்றது.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஒரு நொடி அவன் முகத்தில் பயம் வந்து போனதை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அதற்குள் அவன் சுதாரித்துக்கொண்டான்.

“எவன்கிட்ட வாங்கிட்டு வந்த?”

எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

“எனக்கு இப்பதான் வந்துச்சு. உங்களுக்கு நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு.”

“எனக்கு இருக்கிறது சூடு. உனக்கு வந்ததுதான் வியாதி.”

“த்தூ! சொல்லும்போதே நாக்குக் கூசல உங்களுக்கு? அத்தை, நீங்களே சொல்லுங்க. சூட்டு உடம்புன்னு உங்க வாயாலதானே கேட்டேன்?”

மாமியார் நிமிரவில்லை. நகத்தால் ஒரு பூண்டுப் பல்லின் தோலைக் கிழித்து, காற்றில் பறக்காமல் முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டாள்.

“அம்மாவை எதுக்கு இழுக்குற?” அவன் தட்டைத் தள்ளினான். “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. எவன்?”

“உங்கப்பாவும் இப்படித்தான் கேட்டாரு” என்றாள் மாமியார், பூண்டைப் பார்த்தபடியே.

“என்னம்மா?”

“இப்படியேதான். சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு. எவன்னு.”

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தான். சோறு ஒட்டிய விரல்கள் அப்படியே விரிந்து நின்றன. அவள் தன்னை அறியாமல் மாமியார் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

“நீ என்னத்த வேடிக்கை பாக்குற?” மாமியார் சீறினாள். “உன்னால வந்தது எல்லாம். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? நான் இருக்கலையா?”

சொன்னவள் செருகி வைத்த தோலெல்லாம் சிதற எழுந்து வந்து, மகனின் தட்டுக்குப் பக்கத்திலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அதிலிருந்த பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். பூண்டுப் பிசின் பட்டு அட்டை விரலில் ஒட்டிக்கொண்டது.

மருமகள் கையை நீட்டினாள். மாமியார் அட்டையைக் கொடுக்கவில்லை.