ஆறேகாலுக்குச் சொன்ன பல்லி

என்ர மனுசன் உமாசுதனுக்கு வண்டுதான் உத்தியோகம். மரத்தைத் துளைக்கிற வண்டுகள் எந்த நேரத்துக்கு என்ன செய்யுதெண்டு களனி கம்பஸிலை ஆராய்ச்சி. அங்கை இடம் காணாதெண்டு வண்டுகளோடை ரெண்டு மரக்கட்டையைப் பெட்டியிலை போட்டு, கறுப்புத் துணியாலை மூடி, எங்கட வெள்ளவத்தை பிளட்டுக்கையே கொண்டுவந்து வைச்சிட்டார். வாற ஆக்கள் மேசையெண்டு நினைச்சு அதுக்கு மேலை தேத்தண்ணிக் கோப்பையை வைக்குதுகள். எனக்கு விசர்தான் வரும்.

இப்ப அவருக்கு ஜப்பானிலை மூண்டு வருச வேலை கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளை பதில் சொல்லவேணும். மனுசன் என்ர வாயைப் பார்த்துக்கொண்டு திரியுது. நான் வாய் திறக்கேல்லை.

வியாழன் பின்னேரம் கேட்டன். "உந்த வண்டுகளையும் கொண்டுபோனால் அங்கை எந்த நேரத்துக்கு எழும்பும்?"

"கொஞ்ச நாளைக்கு வெள்ளவத்தை நேரத்துக்குத்தான். இருட்டுக்கை வைச்சாலும் உள்ளுக்கு ஒரு மணிக்கூடு ஓடும். பிறகு அந்த ஊர் வெளிச்சத்துக்குப் பழகிடும்."

பழகிடும். இவரும் நான் இல்லாமல் பழகிடுவார். அழுதுபோடுவன் எண்ட பயத்திலை, "நீங்கள் போங்கோ, எனக்கொரு கவலையுமில்லை" எண்டன்.

டக் டக் டக்.

பல்லி சொல்லிப்போட்டுது! பல்லி சொன்னால் மெய்யெண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுறது. வழமைபோல பதிலுக்கு மேசையிலை தட்டப்போன விரலை இழுத்துக்கொண்டன். நான் சொன்ன ஆகப் பெரிய பொய்க்கு எனக்கே சாட்சி சொல்லுதோ?

"பொய் சொல்லாதை, நாசமறுந்த பல்லி!" எண்டு சுவரைப் பார்த்துக் கத்தினன். கத்தலோடை அழுகையும் வந்திட்டுது.

மனுசன் மணிக்கூட்டைக் காட்டிச்சுது. ஆறேகால்.

"ஜெகா, அது பல்லியில்லை, வண்டு. ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்குத் தலையாலை கட்டையிலை தட்டி, சோடியைக் கூப்பிடும்."

எனக்கு வெக்கமாப் போச்சு. முகத்தைத் துடைச்சன்.

"அப்ப நீர் சொன்னது பொய்யோ?" எண்டார்.

"பொய்தான்."

"போகாதேங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே."

"அதை ஏன் நான் சொல்லுறன்? படிச்ச படிப்புக்குக் கிடைச்சது, போங்கோ. என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ."

மனுசன் லப்டொப்பைத் திறந்துவைச்சுக்கொண்டு கேட்டார், "உம்மடை பாஸ்போட் எங்கை கிடக்கு?"